விட்டு விட்டுக் கேட்ட ஒலி

"கமலம், இது வானத்துல இருந்து வரலை."

என் கணவர் இதைச் சொன்னபோது நாங்கள் தேயிலைக்கு நடுவே ஒரு மின்கம்பத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தோம். மாலை ஆறு மணி தாண்டியிருந்தது. பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து எங்கள் முழங்காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் கையில் புதிதாக வாங்கிய பாக்கெட் டிரான்சிஸ்டர். அதன் தோல் உறை ஈரத்தில் வழுக்கியது.

கம்பத்தை நெருங்கினால் ஒலி பெரிதானது. பத்தடி தள்ளிப் போனால் சிறுத்தது. மறுபடி நெருங்கினோம். டக். டக். டக்.

"கம்பி வழியா வருது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, அந்தக் கம்பத்தின்மேல். இரண்டு மாதமாக நாங்கள் தினமும் காத்திருந்து கேட்ட ஒலி அது. அதை வைத்து நான் ஒரு கதை எழுதி, அது அச்சாகி, ஊர் ஊராகப் போயிருந்தது.

"அடுத்த கம்பத்துலயும் பாத்துருவோம்ங்க" என்றேன். இன்னும் நம்பிக்கை விடவில்லை.

அடுப்பும் ராக்கெட்டும்

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவர் சண்முகம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் மின்பிரிவில் வேலை. நான் அன்னூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள். குன்னூரை ஒட்டி, ஜெகதளாவுக்குப் போகும் வழியில் ஒரு வாடகை வீடு. பெண் பார்க்க வந்த அன்று, "என்ன படிக்கப் பிடிக்கும்?" என்று கேட்டார். சந்திரனுக்குப் போகிற கதைகள் என்றேன். என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு மட்டும் காது சிவந்தது. மறுவாரம் தபாலில், சோவியத் நாட்டில் அச்சடித்த விண்வெளிப் புத்தகம் ஒன்று தமிழில் வந்தது. கல்யாணத்துக்கு வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் ரசம் கொதிக்கும் வாசனையும் ஈயம் பற்றவைக்கும் புகையும் ஒரே அறையில்தான் இருந்தன. காலத்தில் பின்னோக்கிப் போனால் நம் தாத்தாவைச் சந்திக்கலாமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்ததில் எத்தனையோ முறை பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. குக்கர் விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் எத்தனை நொடி என்று அவர் கடிகாரம் வைத்து எண்ணுவார். நான் அதைக் கேலி செய்வேன். பிறகு நானும் எண்ணுவேன்.

நான் விஞ்ஞானக் கதைகள் எழுதினேன். ஆறோ ஏழோ வந்திருந்தன. செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிற என் முதல் கதைக்குப் படம் போட்டவர், நாயகியைப் பட்டுச்சேலையில், இடுப்பில் குடத்தோடு வரைந்திருந்தார். அதைக் கத்தரித்து என் கணவர் சுவரில் ஒட்டி வைத்தார்.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க எங்களுக்கு ஒரே ஒரு ஆள் இருந்தார். பழனிச்சாமி அண்ணன். காரமடைக்காரர். எங்கள் வீட்டுக்குக் கீழே, காட்டை ஒட்டிய சரிவில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து கேரட் போட்டிருந்தார். வாரம் இரண்டு நாள் பழைய செய்தித்தாளில் கேரட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு டீ குடிக்க வருவார். என் கதைகளை விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படிப்பார். அவர் பேசுகிற நேரம் முடிந்ததும், "அப்பறம், நீங்க சொல்லுங்கம்மிணி, இன்னும் என்னென்னதான் வரும்?" என்று கேட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

நாங்கள் சொல்வோம். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிறையவே சொல்வோம்.

சிவப்பு மை

அந்த ஒலி முதலில் கேட்டது ஒரு மழை ஓய்ந்த மாலையில். அவர் சொந்தமாகச் செய்த ரேடியோவில், இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத இடத்தில் முள் நின்றிருந்தது. டக். டக். டக். கடிகாரத்தைவிட ஒரு நூலிழை மெதுவாக.

மின்னல் இப்படி ஒரே சீராக வராது என்றார். லாரி என்றால் போய்விடும். டியூப்லைட் என்றால் அணைத்ததும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றாகத் தள்ளினார். மறுநாளும் ஆறு மணிக்குத் தொடங்கியது. விடியற்காலையில் நான் வாசல் தெளிக்க எழுந்தபோதும் கேட்டது. வெளிச்சம் வந்ததும் நின்றது.

ஒரு நோட்டுப் போட்டேன். தொடங்கிய நேரம், நின்ற நேரம், இடைவெளி எல்லாம் எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒலி மாறியது. ஒவ்வொரு டக்கும் தடித்து, கூடவே எதையோ சுரண்டுவது போல ஒரு கரகரப்பு. சில நிமிடம் அப்படி இருந்துவிட்டுப் பழையபடி தெளிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: 'பதில்?'

அவர் சிரித்தார். ஆனால் கையை நீட்டிக் காட்டினார். அவருக்கும் மயிர் குத்திட்டு நின்றது.

எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்தால் அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. நான் கதைதான் எழுதினேன். குன்னூர்ப் பக்கத்து வீடொன்றில், நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து யாரோ கதவைத் தட்டுகிற கதை. தட்டுகிறவர்களுக்கு நம் மாலை நேரம் எப்படித் தெரிகிறது என்று அதில் ஒரு அழகான விளக்கம்கூட வைத்திருந்தேன்.

கதை வந்த வாரம், வாசகர் ஒருவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "அம்மணி, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்லவே இல்லையே?"

வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் என் கணவர் பாக்கெட் ரேடியோ வாங்கிவந்தார். அப்படித்தான் அந்தக் கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தோம்.

நான்காவது கம்பம்

இரண்டாவது கம்பத்தில் இன்னும் பெரிதாகக் கேட்டது. மூன்றாவதில் அவர் ஒலியைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. கம்பிகள் சரிவில் இறங்கிக் காட்டோரம் போயின. அந்தப் பக்கம் ஒரே ஒரு இணைப்புத்தான். பழனிச்சாமி அண்ணனின் தோட்டத்து ஷெட்.

"மோட்டார் போட்டிருப்பாரு" என்றார் அவர். குரலில் எரிச்சல். எனக்கு அழுகை வரும் போல இருந்தது. ஒரு கேரட் தோட்டத்து மோட்டாருக்காகவா இத்தனை!

நான்காவது கம்பத்தருகே ஒலி திடீரென்று தடித்தது. கூடவே அந்தக் கரகரப்பு. அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்ட அதே கரகரப்பு.

"ஏனுங்க, கேளுங்க, அதேதான்..." என்று அவர் கையைப் பிடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகம் விலகிய இடத்தில் பாதையோரம் ஒரு விறகுக் கட்டு அவிழ்ந்து சிதறிக் கிடந்தது. அதற்கப்பால் கேரட் பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி. கம்பியின்மேல் ஒரு கை. கீழே ஈரப் புல்லில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள்.

ரேடியோ டக் என்றது. அவள் உடம்பு துள்ளியது.

டக். துள்ளியது.

டக்.

நான் ஓடினேன் என்று நினைக்கிறேன். அவர் என் சேலையைப் பிடித்து இழுத்துத் தள்ளியதில் விழுந்தேன். "தொடாத! தொட்டா நீயும் போயிருவ! ஷெட்டுக்குப் போ, ப்யூஸ் கட்டையப் புடுங்கு!" அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவர் சிதறிய விறகில் காய்ந்த கட்டை தேடினார். எல்லாமே நனைந்திருந்தது.

ஷெட் கதவில் பூட்டு இல்லை, கம்பி வளையம்தான். உள்ளே சாக்கும் மருந்தும் கலந்த நாற்றம். சுவரில் மீட்டர், கீழே இரண்டு ப்யூஸ் கட்டை. இரண்டையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வெளியே ரேடியோ நின்றது. அந்த அமைதியில் அவர் "வந்துருச்சு, கை வந்துருச்சு" என்று சொல்வது கேட்டது.

திரும்பினேன். மீட்டருக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் வயர். மூடியில் நகப்பூச்சால் சிவப்பாக எழுதியிருந்தது: 'சீரியல் செட்.'

அது என் கையெழுத்து.

போன வருஷம் கோவில் திருவிழாவுக்கு, வண்ண பல்புகள் விட்டு விட்டு எரிவதற்காக என் கணவர் செய்துகொடுத்த பெட்டி. அவர் எழுத்துக் கோழிக் கிறுக்கல் என்பதால் மூடியில் நான் எழுதினேன். திருவிழா முடிந்ததும் பழனிச்சாமி அண்ணன்தான், "பத்திரமா வெச்சுக்கறனுங்க" என்று வாங்கிப் போனார்.

இரண்டு மாதமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நான் கேட்டது எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னை.

பால் வேனில்

அந்தப் பெண்ணுக்கு உயிர் இருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த பழனிச்சாமி அண்ணனும் என் கணவரும் தூக்க, நான் ரோட்டுக்கு ஓடி ஒரு பால் வேனை மறித்தேன். கேன்களுக்கு நடுவே அவளைக் கிடத்தினோம். அவள் தலை என் மடியில். உள்ளங்கையிலிருந்து வந்த வாசனையைப் பற்றி எழுத மாட்டேன்.

பழனிச்சாமி அண்ணன் கேன்களைப் பிடித்துக்கொண்டு எதிரே குந்தியிருந்தார்.

"பன்னியும் காட்டுமாடும் முழுசா மேஞ்சுட்டுப் போயிருதுங்க. பயமுறுத்தத்தானுங்க போட்டேன். விட்டு விட்டுத்தான வருது, சாவாதுன்னு நெனச்சனுங்க."

"யாருண்ணா சொன்னது உங்களுக்கு?" என்று என் கணவர் கேட்டார்.

பழனிச்சாமி அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது குற்றச்சாட்டு அல்ல. ஆச்சரியம்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க. அம்மிணி கதையில வந்துச்சு. பொட்டிய நீங்க செஞ்சீங்க. படிச்சவங்க ரெண்டு பேரு சொல்றீங்க, சரியாத்தான இருக்கும்னு..."

வேன் குன்னூர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

ஆமாம், என்னுடைய பழைய கதை ஒன்றுதான். எதிர்காலப் பண்ணை ஒன்று. அதைச் சுற்றி, கொல்லாமல் விரட்டுகிற ஒரு கம்பி. அது எப்படிச் சாத்தியம் என்று எழுதும்போது என் கணவரிடம் கேட்டேன். "கரண்ட்டை விட்டு விட்டு அனுப்பணும், கை ஒட்டிக்காது" என்றார். அந்த வகைக் கம்பியில் போவது வேறு மின்சாரம், கண நேரம் மட்டும், மிகக் குறைவாக, அதற்கென்றே செய்த கருவியிலிருந்து. வீட்டு மின்சாரத்தை அப்படியே விட்டால் ஆள் போய்விடும். அவருக்கு இது தெரியும். எனக்கும் சொன்னார். கதைக்கு அது தேவைப்படவில்லை, விட்டுவிட்டேன். பழனிச்சாமி அண்ணன் டீ குடித்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்டபோதும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

புஷ்பம்

அவள் பெயர் புஷ்பம். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். கணவன் இல்லை, மகன் திருப்பூரில். மூன்றாம் நாள்தான் தெளிவாகப் பேசினாள். வலது கை முழுவதும் கட்டு. இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்தப் பக்கம் குறுக்கு வழிக்கா. எங்க லயத்து வீட்டுக்குச் சீக்கிரமா போயிரலாம்" என்றாள். பிறகு யோசித்து, "எங்க ஆடும் அங்கதான் செத்துக் கெடந்துச்சு. பாம்பு தீண்டிருச்சுன்னு நெனச்சோம்."

"எப்ப?"

"ஒரு வெள்ளிக்கெழமை. பொழுது சாய. அன்னைக்குத்தான் எஸ்டேட்ல சாமி கும்பிட்டது."

எஸ்டேட் பூசை எந்த வாரம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். அதே வெள்ளிக்கிழமை. சிவப்பு மை. அவரிடம் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் மழையில் நின்றார். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை, கதையை, ஒலியை.

"ரெண்டு மாசமா கேட்டீங்களா?"

"ம்."

"என்னன்னு நெனச்சீங்க?"

சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "வானத்துல இருந்தா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள். தம்ளரை அவள் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

வழக்கு நடந்தது. பழனிச்சாமி அண்ணனோடு என் கணவரும் தானாகவே ஸ்டேஷனுக்குப் போனார். பெட்டி எதற்காகச் செய்தது என்று ஊரே சாட்சி சொன்னதால் அவர்மேல் ஒன்றும் வரவில்லை. கோர்ட்டில், "விட்டு விட்டு அனுப்பினால் போதும் என்று சொன்னது நான்தான்" என்று எழுந்து சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். பழனிச்சாமி அண்ணன் சில மாதம் உள்ளே இருந்துவிட்டுக் காரமடைக்கே போய்விட்டார். எஸ்டேட்டில் புஷ்பத்துக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்தார்கள், கொழுந்துக்காரப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. இதெல்லாம் பிற்பாடு.

நடந்ததை நடந்தபடி எழுதி அந்தப் பத்திரிகைக்கு அனுப்பினேன். 'வாசகர்கள் ஏமாந்துபோவார்கள்' என்று ஒரு சீட்டோடு திரும்பி வந்தது.

மஞ்சூர்

புஷ்பம் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாவது வாரம், பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்தது. பிரிக்கவே மனமில்லை. அவர்தான் பிரித்தார். அருமை, அற்புதம், அடுத்த பாகம் எப்போது? ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். அதை என்னிடம் நீட்டினார்.

மஞ்சூரிலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் எழுதியிருந்தார். 'தங்கள் கதை படித்த நாள்முதல் நானும் ரேடியோவில் தேடினேன். கேட்கிறது! மாலை ஆறுக்குத் தொடங்கி விடிந்ததும் நிற்கிறது. என் வீட்டார் சிரிக்கிறார்கள். தாங்களாவது நம்புவீர்கள்.'

கடிதத்தில் தேதி ஒன்பது நாள் பழசு.

என் கணவர் லீவு சொல்லிவிட்டு வந்தார். மதியப் பஸ்ஸைப் பிடித்தோம். ஜன்னல் வழியே தெரிந்த ஒவ்வொரு உருளைக்கிழங்குப் பாத்தியையும் சுற்றிக் கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்ததும் அந்தக் கண்டக்டரே ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும். என் பெயரைச் சொன்னதும் கைகூப்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, நீங்களே வந்துட்டீங்களா! இப்ப நாலு பேருக்குக் கேக்குதுங்க!"

பெஞ்சில் உட்கார வைத்து அங்கேயே சொன்னேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தை விட்டு இறங்கியதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

ஆறு மணிவரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவுக்குக் கூட்டிப் போனார். அவருடைய சொந்த அண்ணனின் உருளைக்கிழங்குத் தோட்டம். சுற்றிலும் ஒற்றைக் கம்பி. எங்கோ வாங்கிய, விட்டு விட்டு எரியும் விளம்பரப் பலகை விளக்கின் பெட்டியோடு அதை இணைத்திருந்தார்கள்.

"எல்லாரும்தானுங்க போடறாங்க" என்றார் அந்த அண்ணன், எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்து. "எங்க பக்கம் இன்னும் நாலு எடத்துல இருக்குது."

என் கணவர் இணைப்பைத் துண்டித்தார். துண்டித்த முனையை இரண்டு முறை சரிபார்த்தார். கண்டக்டர் ஒரு முனையிலிருந்து கம்பியைச் சுருட்டிக்கொண்டே வந்தார். அவருடைய சின்ன மகள் பின்னாலேயே நடந்தாள், காய்ந்த இலைகளை உதைத்துக்கொண்டு. அந்தப் பிள்ளை தினமும் அங்கேதான் விளையாடும் என்று அவர் மனைவி சொன்னபோது நான் திரும்பி நின்றுகொண்டேன்.

மற்ற நாலு இடத்துக்கும் அண்ணனையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு நடந்தோம். இரண்டு பேர் சொன்னதைக் கேட்டுக் கழற்றினார்கள். ஒருவர் திட்டினார். இன்னொருவர் வீட்டில் ஆள் இல்லை. மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்தோம்.

பஸ் ஏறும்போது கண்டக்டர் ஜன்னலோரம் வந்தார். "பத்து நாளா நல்லா இருந்துச்சுங்கம்மா" என்றார் மெதுவாக. "வேலை முடிஞ்சு எப்படா ஊட்டுக்குப் போவோம்னு இருந்துச்சு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

குன்னூரில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்வையாளர் நேரம் முடியப் போகிறது என்று நர்ஸ் கடிந்துகொண்டார். புஷ்பம் விழித்துத்தான் இருந்தாள். மஞ்சூர் போய் வந்த கதையைச் சொன்னேன். என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார், உட்காரவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டு, "அங்க யாரும் கை வச்சாங்களா?" என்றாள்.

"இல்ல புஷ்பம்."

"ஆடு மாடு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி" என்றாள். கட்டுப் போட்ட கையை மெல்லத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.